பின்வளவில் ஒரு புகையடுப்பு



சென்ற மாத ஒன்றுகூடலுக்கு நான் கொண்டுவந்த இறைச்சியைச் சாப்பிட்டவர்கள் "எந்தக் கடையில் வாங்கினது?" என்று கேட்டார்கள். கடையில்லை, எங்கள் வீட்டுப் பின்வளவுதான். மாட்டிறைச்சி உண்ணாத நேயர்கள் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். ஆட்டின் தோள்பகுதிக்கும் இதே முறைதான், நேரம் மட்டும் குறையும். தவிர, புகையைப் பற்றி எல்லோருக்கும் சொல்லவேண்டிய ஒரு விடயமும் இருக்கிறது.

பிறிஸ்கற் என்பது மாட்டின் நெஞ்சுப்பகுதி. மாட்டுக்குக் காறையெலும்பு கிடையாது. உடற்பாரத்தின் பெரும்பங்கை இந்தத் தசைகளே தாங்குவதால் இறைச்சி இறுக்கமாக இருக்கும். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜேர்மன், செக் இறைச்சிக் கடைக்காரர்கள்தான் இறைச்சியைப் புகையிட்டு விற்கும் வழக்கத்தை வளர்த்தார்கள். அவர்களும் ஊர்விட்டு வந்தவர்களே.

கூட்டுச்சரக்கு ஒன்றும் வேண்டாம். உப்பும், இடித்த மிளகும் போதும். கொழுப்பை அரை சென்ரிமீற்றர் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். அடுப்பின் சூடு 110 முதல் 120 பாகை செல்சியஸ். காய்ந்த ஓக் விறகு நல்லது, பெயின்ற் பூசிய பலகை கூடவே கூடாது. 5 கிலோ துண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் செல்லும்.

இறைச்சியின் உட்சூடு 70 பாகை அளவில் வந்ததும் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். எங்களுக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வதுபோல, ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விக்கிறது. இது தெரியாமல் முதல்முறை நான் பதறிப்போய் விறகை அள்ளிப் போட்டேன். வெளியே கரி, உள்ளே செருப்புத்தோல்! அந்த நேரத்தில் இறைச்சிக்கடைத் தாளால் சுற்றிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். 95 பாகை வந்து, கம்பி குத்தினால் பட்டருக்குள் போவதுபோல் போனால் சரி. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்காக வெட்டுங்கள்.

இனி அந்த விடயம். ஒரு மார்கழி மாதம், பனி கொட்டுகிறதே என்று அடுப்பைக் கராஜுக்குள் இழுத்து, கதவை அரைவாசி திறந்து வைத்தேன். அம்மா மேலறையில் படுத்திருந்தா. "தலை இடிக்குது தம்பி" என்றா. தடிமன் என்றுதான் நினைத்தேன். சற்று நேரத்தில் காபன்மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. பிள்ளைகளையும் அம்மாவையும் பனிக்குள் வெளியே கொண்டுபோனேன். தீயணைப்புப் படையினர் வந்து அளந்து பார்த்துவிட்டு, கதவு திறந்திருந்தாலும் வாயு வீட்டுக்குள் ஏறும் என்றார்கள்.

அம்மா நம்பவில்லை. "முப்பது வருசம் விறகடுப்பிலை சமைச்சனான், எனக்கென்ன செய்தது?" என்றா. ஊரில் எங்கள் குசினி கிடுகு வேய்ந்தது, நாலு பக்கமும் காற்று. இங்கே குளிருக்காக இடுக்கெல்லாம் அடைத்த வீடு. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கண் எரிந்தால் எழும்பிப் போகலாம், இது எரிக்காது. மின்சாரம் போனாலும் கரியடுப்பை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ மூட்டாதீர்கள். கருவியின் பற்றரியை இன்றைக்கே பாருங்கள்.

இப்போது அடுப்பு வளவின் கோடியில், வேலியோரம் நிற்கிறது. பனிக்குள் சப்பாத்துப் போட்டு நடந்துபோய் விறகு வைக்கிறேன். அம்மா குசினி யன்னலைத் தட்டி, "இன்னும் அவியேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறா.