தாயின் கையிலிருந்து தன் கைக்கு



நோய்களுட் சில விருந்தினர்போல் வந்து போவன. சில வாழ்நாள் முழுதும் உடன் உறைவன. குடலில் நீடித்து நிற்கும் அழற்சி நோய்கள் இரண்டாம் வகையின. பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஒன்று. குடலின் எப்பகுதியையும் தாக்கவல்ல குரோன் நோய் மற்றொன்று. 1932-இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மருத்துவர் மூவர் 14 நோயாளரை ஆராய்ந்து பின்னதை விளக்கியபொழுதே, அது பெரும்பாலும் இளைஞரைப் பற்றுவது என்று குறித்தனர். வயிற்றுவலி, நீங்காத கழிச்சல், சில வேளை குருதிப்போக்கு, எடைக் குறைவு ஆகியவை இந்நோய்களின் அடையாளங்கள். அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு. அவற்றை விடாது உட்கொள்ள வேண்டும்.

குழந்தை மருத்துவரிடம் அன்னையே பேசுகிறாள். மருந்தின் அளவும் வேளையும் அவளே அறிவாள். பெரியோரைக் காணும் மருத்துவரோ இளைஞனையே வினவுவார். அன்று அவன் விடையறியாது விழித்தல் ஆகாது. இதைக் குறித்தே இன்று நான் பேச விழைகிறேன்.

ஓசூரை எண்ணிப் பாருங்கள். தொழிற்பயிற்சி முடித்த இளைஞன் ஆலையில் சேர்கிறான். ஷிப்டு மாறுந்தோறும் உணவும் உறக்கமும் மாறுகின்றன. அடிக்கடி கழிப்பறை செல்ல நாணுகிறான். சற்றே நலம் கண்டதும் மருந்தை விடுகிறான். சிறு வயதில் அவனைப் பார்த்தவர் பெங்களூர் மருத்துவராக இருக்கலாம்; இனிப் பார்ப்பவர் கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ இருக்கலாம். குடற் காசநோயும் குரோன் நோயும் மருத்துவரே மயங்குமாறு ஒத்திருப்பவை. பழைய திசுச் சோதனை முடிவு கையில் இல்லையேல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

ஆகவே, 12, 13 வயதிலேயே பழக்கத் தொடங்க வேண்டும். முதலில் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் சிறுவன் அறியட்டும். பின்னர் மருத்துவரிடம் சிறிது நேரம் தனியே பேசட்டும். அதன்பின் தானே நாள் குறித்துச் செல்லட்டும். நோய் கண்ட ஆண்டு, தாக்கிய பகுதி, உண்ணும் மருந்து, ஒவ்வாத மருந்து, அறுவை, சோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தலாகாது என்பதையும், அசத்தியோபிரின் உண்போர் குருதிச் சோதனையைத் தவறவிடலாகாது என்பதையும் அவன் தெளிவாக உணர வேண்டும்.

சந்தூரில் மாங்கன்று விற்போர் வேரைச் சுற்றிய மண்ணோடுதான் அதனைக் கொடுப்பர்; இடம் மாறினும் கன்று வாடுவதில்லை. அந்த ஒரு தாளே இளைஞனுக்கு வேர்மண்.

மாணவர்களே, வகுப்பின் இடையே எழுந்து வெளியே செல்லும் தோழனைக் கண்டு நகையாதீர்கள். அவன் தவறவிட்ட பாடத்தை மாலையில் சொல்லிக் கொடுங்கள்.