பொருள் விற்றலும் சந்தா வாங்கலும்: ஆப்பிள் நிறுவனத்தின் வழிமாற்றம்



2019ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள குப்பர்டினோ என்னும் ஊரில் ஆப்பிள் நிறுவனம் ஒரு கூட்டம் கூட்டியது. கூட்டம் நிகழ்ந்த அரங்கு, நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸின் பெயரைத் தாங்கியது. அந்நிறுவனம் உலகத்தாரை அழைத்தால் மேடையில் புதிய கைப்பேசியோ கணிப்பொறியோ தோன்றும் என்பதே அதுவரை இருந்த வழக்கம். அன்று அப்படி எதுவும் தோன்றவில்லை. செய்தி இதழ்களைத் திங்கள்தோறும் பணம் செலுத்திப் படிக்கும் ஏற்பாடு ஒன்று, விளையாட்டுகளுக்கு ஒன்று, திரைத்தொடர்களுக்கு ஒன்று, இவற்றோடு ஒரு கடனட்டை. இவையே அன்றைய அறிவிப்புகள். கையால் தொடத்தக்க புதுப்பொருள் என்று அன்று காட்டப்பட்டது டைட்டானிய உலோகத்தால் ஆன அந்த அட்டை ஒன்றுதான். அதன் மேலும் எண் பொறிக்கப்படவில்லை.

1976இல் கணிப்பொறி செய்து விற்பதற்காகத் தோன்றிய நிறுவனம் இது. 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் ஐபோன் என்னும் கைப்பேசியை அறிமுகப்படுத்திய அன்றே தன் பெயரிலிருந்த ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லையும் நீக்கிக்கொண்டது. காலப்போக்கில் அதன் வருவாயில் பாதிக்கு மேல் அந்த ஒரு கைப்பேசியிலிருந்தே வந்தது. இத்தகைய நிறுவனம் கடனட்டை வழங்க முன்வந்தது ஏன்?

விடையின் ஒரு பகுதி அந்தக் கைப்பேசியின் உழைப்பிலேயே இருக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட பொருள் எளிதில் கெடாது. கெடாத பொருளை வைத்திருப்பவர் மறுபடியும் கடைக்கு வருவதில்லை. மின்கலம் பழையதாகிவிட்ட கைப்பேசிகளின் வேகத்தைத் தன் மென்பொருளே குறைத்துவந்தது என்பதை 2017 டிசம்பரில் அந்நிறுவனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எழுந்த கண்டனத்தைத் தணிக்க, மின்கலம் மாற்றித்தரும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. மக்கள் பலர் புதிய மின்கலத்தைப் பொருத்திக்கொண்டு பழைய கைப்பேசியையே வைத்துக்கொண்டனர். 2019 ஜனவரி 2ஆம் நாள் தலைமைச் செயல் அலுவலர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். முடிந்த காலாண்டில் 8,900 கோடி முதல் 9,300 கோடி டாலர் வரை எதிர்பார்த்த வருவாய் 8,400 கோடியாகவே இருக்கும் என்றது அக்கடிதம். சீன நாட்டுச் சந்தையின் தளர்ச்சியே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. மலிவான மின்கலமும் காரணங்களுள் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. இதற்கு இரண்டு திங்கள் முன்னரே, விற்ற கைப்பேசிகளின் எண்ணிக்கையை இனிக் காலாண்டுதோறும் வெளியிடுவதில்லை என்று நிறுவனம் அறிவித்திருந்தது. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அதை மறைக்க வேண்டிய தேவை எழவில்லை என்பது கருதத்தக்கது.

மற்றொரு பகுதி கணக்கில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் ஆப்பிளின் மொத்த வருவாய் ஏறத்தாழ 39,100 கோடி டாலர். அதில் சேவைகள் என்ற தலைப்பில் வந்தது 9,600 கோடிக்குச் சற்று மிகுதி, அதாவது நான்கில் ஒரு பங்கு. ஆனால் ஆதாயத்தில் கதை வேறு. நூறு டாலருக்குப் பொருள் விற்றால், பொருளின் அடக்கச் செலவு போக 37 டாலர் மிஞ்சியது. நூறு டாலருக்குச் சேவை விற்றால் ஏறத்தாழ 74 டாலர் மிஞ்சியது. ஆய்வு, நிர்வாகம் முதலிய செலவுகளைக் கழிப்பதற்கு முந்தைய கணக்கு இது. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர் கைகளால் கோக்கப்படும் கைப்பேசி அந்த முதல் கணக்கைச் சேர்ந்தது. உதிரிப்பாகமும் உழைப்பும் சரக்குக் கப்பலும் வேண்டாத இரண்டாம் கணக்கின் மேல் முதலீட்டாளர் கண் வைத்ததில் வியப்பில்லை.

சேவை என்ற சொல்லுக்குள் அடங்கியிருப்பவை அனைத்தும் சந்தா என்று எண்ணிவிடலாகாது. 2008இல் தொடங்கிய செயலிக் கடையில் பிறர் விற்கும் செயலிகளுக்கு முப்பது விழுக்காடு வரை பெறும் தரகும் அதில் உண்டு. தன் தேடுபொறியை ஆப்பிள் கருவிகளில் முதலாவதாக வைப்பதற்குக் கூகுள் செலுத்தும் தொகையும் அதில் உண்டு. 2022ஆம் ஆண்டில் மட்டும் அத்தொகை 2,000 கோடி டாலர் என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளிப்பட்டது. இதைச் சேவை என்பதினும் வாயில்காப்போன் பெறும் கட்டணம் என்பதே பொருந்தும்.

சந்தா என்னும் சொல் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. திங்களிதழ்களுக்கு ஆண்டுச் சந்தாவைப் பணவிடையில் அனுப்பிய தலைமுறை இவ்வவையிலும் இருக்கிறது. ஆண்டு முடிந்ததும், சந்தா முடிவடைந்தது என்று இதழின் உறையிலேயே அச்சிட்டு வரும். மறுபடியும் பணம் அனுப்பினால்தான் இதழ் வரும். அனுப்ப மறந்தால் நின்றுவிடும். வாங்குவோர் வாளாவிருந்தால் முடிந்துபோவது அந்தச் சந்தா. இன்று கைப்பேசியில் தொடங்கும் சந்தாவோ வாளாவிருந்தால் தொடர்வது. நிறுத்துவதற்குத்தான் ஒரு செயல் வேண்டும். சொல் ஒன்றே, ஆனால் மறதியின் ஆதாயம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குப் போய்விட்டது. விலை கொடுத்துப் பொருளை வாங்கியவுடன் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான கணக்கு தீர்ந்துவிடும். இங்கே கணக்கு தீர்வதே இல்லை.

கடனட்டையில் இவ்வுறவு இன்னும் இறுகியது. ஆப்பிள் வங்கியன்று. கடன் கொடுத்தது கோல்ட்மேன் சாக்ஸ் என்னும் வங்கி. பணம் சென்ற வழி மாஸ்டர்கார்டு நிறுவனத்துடையது. ஆப்பிள் தந்தது பெயரும் கைப்பேசித் திரையும். அத்திரையில் ஒரு நன்மையும் இருந்தது: முழுத்தொகையும் செலுத்தாமல் ஒரு பகுதியை மட்டும் செலுத்த விரும்புவோருக்கு, எவ்வளவு வட்டி ஏறும் என்பதை முன்கூட்டியே காட்டியது. ஆண்டுக் கட்டணமும் இல்லை. இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் கடனட்டைகள் அரியவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் கடன் தொழில் கைப்பேசித் தொழில் போன்றதன்று. தவறான பற்றுகளைக் குறித்து அட்டையாளர் அனுப்பிய பல்லாயிரம் முறையீடுகளை ஆப்பிள் வங்கிக்கு அனுப்பாமல் விட்டது என்றும், அட்டையைக் கொண்டு ஆப்பிள் கருவி வாங்கினால் வட்டியில்லாத் தவணை தானே அமையும் என்று நம்பியவர்கள் பலர் வட்டி கட்ட நேர்ந்தது என்றும் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்தது. 2024 அக்டோபரில் அது ஆப்பிளுக்கு 2.5 கோடி டாலரும் வங்கிக்கு 4.5 கோடி டாலரும் தண்டம் விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு வங்கி ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் திருப்பித்தர வேண்டுமென்றும் ஆணையிட்டது. பொதுமக்களுக்குக் கடன் கொடுக்கும் தொழிலில் பெரும் இழப்பைக் கண்ட கோல்ட்மேன் சாக்ஸ் அதிலிருந்து பின்வாங்கத் தொடங்கியது. பொருளை வாங்கி ஆறு வாரத்தில் நான்கு தவணையாகச் செலுத்தும் திட்டமொன்றை ஆப்பிள் தானே 2023 மார்ச்சில் தொடங்கி, 2024 ஜூனில் கைவிட்டது.

இவற்றைக் கொண்டு ஆப்பிள் வன்பொருளை விட்டு விலகிவிட்டது என்று கருதுவது பிழை. அதே 2024 நிதியாண்டிலும் வருவாயில் பாதிக்கு மேல் ஐபோன் தந்ததே. கைப்பேசி இப்போது வாயிலாகியிருக்கிறது, அவ்வளவே. அக்கருவி உடையவர்க்கே அந்த அட்டை. அட்டை, படத்தொகுப்பு, பாடல், குடும்பத்தார் பகிர்ந்துகொள்ளும் சந்தா ஆகிய அனைத்தும் ஒரே பெயரில் கட்டுண்டபின், வேறொரு கைப்பேசிக்கு மாற நினைப்பவர் இழக்க வேண்டியது கருவியை மட்டுமன்று.

அக்கடனட்டை இந்தியாவில் இல்லை. எனவே இது தொலைதூரக் கதை என்று தோன்றலாம். ஆனால் படங்களைச் சேமிக்கும் மேகக் களஞ்சியம் இங்கும் உண்டு. 2011இல் தொடங்கியபோது இலவசமாகத் தந்த இடம் ஐந்து ஜிபி. இன்றும் அது ஐந்துதான். படங்களோ அளவிலும் எண்ணிக்கையிலும் பெருகிவிட்டன. பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாளும் மூத்தோரின் கடைசிப் படமும் அங்கே சேர்ந்தபின், இடம் நிறைந்தது என்ற அறிவிப்பு வருகிறது. பணம் செலுத்தாவிட்டால் புதிய படங்கள் அங்கு ஏறுவது நின்றுவிடும். கேட்கும் தொகை சிறிது, ஆகவே யாரும் தயங்குவதில்லை. அது திங்கள்தோறும் போகும்.

இவ்விடத்தில் இந்திய ரிசர்வ் வங்கி செய்துள்ள ஓர் ஏற்பாடு பலர் அறியாதது. 2021 அக்டோபர் 1 முதல், கடனட்டையிலிருந்தோ பற்று அட்டையிலிருந்தோ இவ்வாறு தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி ஒரு செய்தி அனுப்பியாக வேண்டும். அந்தப் பற்றை மட்டுமோ முழு ஏற்பாட்டையுமோ நிறுத்தும் வழியும் அச்செய்தியோடு தரப்பட வேண்டும். சந்தாவைத் தொடங்கியவர் பேரனாக இருக்கலாம். பல இல்லங்களில் வங்கிக்கணக்கு தாத்தாவினுடையது, செய்தியும் அவருடைய கைப்பேசிக்கே வருகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில்.