வழி சொல்லும் கலை

ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தேவாலயத்துக்கு நடந்து போகிற யாத்திரையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கியூபெக்கில் அதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. போக ஆயத்தமாகிறவர்களின் கையில் இருக்கிற வழிகாட்டிகளைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை வரும். அடுத்த ஊர் எத்தனை கிலோமீற்றர், ஏற்றம் எத்தனை மீற்றர், மடத்தில் எத்தனை கட்டில் என்று எல்லாம் அதில் உண்டு. பிரான்சின் எல்லையில் தொடங்கிச் சந்தியாகோ வரை ஏறத்தாழ 800 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற நம்முடைய பாதயாத்திரையும் நெடியதுதான். அதற்கு என்ன வழிகாட்டி இருக்கிறது? மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டு யாத்திரைகளும் வழி சொல்லும் விதத்தை இன்றைக்கு எடைபோட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பியர்கள் வழியை எழுதி வைத்தவர்கள். 990ஆம் ஆண்டில் கன்ரபரிப் பேராயர் சிகெரிக் ரோமாபுரிக்குப் போனார். திரும்பி வருகையில் தங்கிய 79 இடங்களின் பெயர்களும் வரிசையாக எழுதப்பட்டன. விளக்கம் எதுவும் இல்லாத வெறும் பட்டியல் அது. ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பட்டியலை வைத்துத்தான் பழைய பாதையைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் சந்தியாகோ யாத்திரைக்கு ஒரு நூலே வந்தது. அதை எழுதியவர் எந்த ஆற்றுத் தண்ணீர் நல்லது, எது ஆகாது என்று பிரித்துச் சொல்கிறார். ஓர் ஆற்றங்கரையில் இரண்டு பேர் கத்தி தீட்டிக்கொண்டு இருந்தார்களாம். தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டதற்கு ஓம் என்றார்களாம். குடித்த குதிரைகள் செத்து விழ, தோலை உரித்துக்கொண்டார்களாம். அந்த ஊர்க்காரர் மேல் எழுத்தாளருக்கு இருந்த கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் செய்தி பயனுள்ளதுதான். நடக்கிறவனுக்கு முதலில் தெரியவேண்டியது தண்ணீர்.

இடையில் அந்தச் சந்தியாகோ பாதை ஏறக்குறைய மறந்துபோயிற்று. 1984இல் எலியாஸ் வலீஞ்ஞா என்ற ஊர்ப் பாதிரியார் மஞ்சள் மையும் தூரிகையுமாகப் புறப்பட்டு, மரத்திலும் மதிலிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். இன்று அந்த அம்புக்குறியைப் பின்தொடர்ந்தால் போதும், மொழி தெரியாதவரும் தனியாகப் போய்ச் சேரலாம். குறைந்தது 100 கிலோமீற்றராவது நடந்ததற்கு முத்திரை காட்டினால் சான்றிதழ் தருகிறார்கள். 2023இல் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை வாங்கினார்கள்.

இனிக் கதிர்காமத்துக்கு வருவோம். தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக் கோயிலில் வேல் ஏந்திப் புறப்படுகிறார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன், திருகோணமலைக் கோணேசர், வெருகல், மட்டக்களப்பு மாமாங்கம், திருக்கோவில், பொத்துவில் என்று கீழைக்கரையோரமாக இறங்கி உகந்தைமலை முருகனிடம் வந்து நிற்பார்கள். ஆடிவேல் திருவிழாவின் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் போய்ச் சேரவேண்டும் என்பது கணக்கு. ஒன்றரை மாதத்துக்கும் மேலான நடை.

இந்தப் பாதையில் அம்புக்குறி கிடையாது. வழி தெரிந்தவர் வேல் ஏந்தி முன்னால் போகிறார். அவரை வேல்சாமி என்பார்கள். மற்றவர்கள் பின்னால் போகிறார்கள். போகிற எல்லோருமே ஒருவருக்கொருவர் சாமிதான். இன்றைக்கு எங்கே படுக்கை என்பது வேல்சாமிக்குத் தெரியும். எந்தக் கோயிலடியில் அன்னதானம், எந்த வீட்டு வாசலில் மோர், யார் கால் கழுவித் தண்ணீர் தருவார்கள் என்பதெல்லாம் அந்தந்த ஊர்ச் சனத்துக்குத் தெரியும். கட்டிலுக்கு முன்பதிவு செய்கிற கேள்வியே இல்லை.

இதன் அருமை உகந்தைக்குத் தெற்கே போனால்தான் விளங்கும். அங்கிருந்து குமணை, யால காடுகள். வருடம் முழுவதும் அடைத்துக் கிடக்கிற காட்டுப்பாதை திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் திறக்கும். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கிப் போகவேண்டும். கடும் வெயில் காலம். யானையும் சிறுத்தையும் உலவுகிற இடம். விடிவதற்கு முன்னே எழும்பி நடப்பார்கள், உச்சி வெயிலில் மர நிழலில் படுப்பார்கள், வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடப்பார்கள். வற்றிய ஆற்றில் மணலைத் தோண்டினால் ஊற்று வரும். எந்த இடத்தில் தோண்டவேண்டும் என்பது பழையவர்களுக்குத் தெரியும். சந்தியாகோ நூலாசிரியர் எழுதிவைத்த அந்தத் தண்ணீர் அறிவு இங்கே ஆட்களோடு நடந்து போகிறது.

சிறப்பு எதுவோ, பலவீனமும் அதுவே. ஆள் நின்றால் வழி நின்றுவிடும். 1983க்குப் பிறகு நடந்தது அதுதான். இலங்கையில் போர் மூண்டதும் வடக்கிலிருந்து நடந்து வருவது நின்றுபோனது. பட்ரிக் ஹரிகன் என்ற அமெரிக்கர், யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் சீடரான கௌரிபாலா என்ற ஜெர்மன் சுவாமி தூண்டி அனுப்ப, இந்தப் பாதையில் நடந்து பழகியவர். 1988 முதல் அவரும் சில அன்பர்களும் முயன்று கிழக்கில் யாத்திரையை மறுபடி எழுப்பினார்கள். சந்நிதியிலிருந்து திரும்ப வேல் புறப்படப் பல ஆண்டுகள் ஆயின. நடுவில் ஒரு தலைமுறைக்கு வடக்குப் பாதை தெரியாமல் போயிற்று. சிகெரிக் எழுதியதுபோல் ஒரு வெறும் பட்டியல் எல்லோருடைய கையிலும் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

ஆங்கிலேயர் காலத்து அரசாங்கமும் இந்த யாத்திரையைப் பற்றி எழுதியது, ஆனால் வேறு கண்ணோட்டத்தில். வாந்திபேதி பரவும் என்ற பயம் அவர்களுக்கு. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப் 1910இல் யாத்திரிகரை மேற்பார்வை செய்யக் கதிர்காமத்திலேயே போய்த் தங்கினார். கூட்டத்தைக் கட்டுப்படுத்த எழுதியவர்கள் உண்டு. நடக்கிறவருக்காக எழுதியவர்கள்தான் மிகக் குறைவு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். காட்டுப்பாதை இப்போது ஆயிரக்கணக்கானவர்களை இழுக்கிறது. அவர்களில் பலர் வேல்சாமிக்குப் பின்னால் வந்தவர்கள் அல்லர். உகந்தை வரை பஸ்ஸில் வந்து அங்கே நடையைத் தொடங்குகிறவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிளாஸ்திக் போத்தலைக் காட்டில் எறிகிறார்கள், தண்ணீர் வண்டியை நம்பி வெறுங்கையோடு இறங்குகிறார்கள். வாய்வழி மரபு நூறு பேருக்குப் போதும்; இவ்வளவு கூட்டத்துக்கு எழுத்தும் வேண்டும்.

ஆனால் ஐரோப்பிய வழிகாட்டியை அப்படியே பெயர்த்தெடுத்து வந்தாலும் சரிவராது. எல்லாம் கைக்குள் இருக்கிறவர் யாரிடமும் வழி கேட்கமாட்டார். கேட்காதவருக்கு மோர் கொடுக்க யாரும் வாசலுக்கு வரவும் மாட்டார்கள். சந்தியாகோ பாதையில் கட்டிலுக்காக விடிய முன்னரே ஓட்டப்பந்தயம் நடக்கிறது என்று போய்வந்தவர்களே குறைப்படுகிறார்கள். நல்ல வழிகாட்டி நடக்கிறவரை ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளவேண்டும். இன்ன ஊரில் இன்ன கோயிலில் போய்க் கேள், இந்த இடத்தில் தண்ணீரை நிரப்பு, இதைக் காட்டில் போடாதே. இவ்வளவு போதும்.

கனடாவில் இருக்கிற நமக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நடையாத்திரை இந்த மண்ணுக்கும் புதிதல்ல. மொன்றியல் புனித சூசையப்பர் ஆலயத்தில் இருந்து சென் ஆன் தெ போப்ரே வரை நடந்து போகிற யாத்திரைப் பாதை கியூபெக்கில் இருக்கிறது. சூசையப்பர் ஆலயத்துக்கு நம்மவர்கள், சைவர்கள்கூட, போய்வருவதும் உங்களுக்குத் தெரியும். அங்கே முழந்தாளில் ஏறுகிறவர்களுக்கென்று 99 மரப்படிகள் தனியாக விட்டிருக்கிறார்கள். நேர்த்தி வைத்து உடம்பால் கும்பிடுகிற பழக்கம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நமக்கு உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. டொலார்-டே-ஓர்மோ திருமுருகன் கோயிலுக்கு வருகிற பெரியவர்களிடையே 1983க்கு முன்பு அந்த முழுப் பாதையையும் நடந்தவர்கள் இருக்கக்கூடும். அம்மம்மா, அப்பப்பாவிடம் கேளுங்கள். எந்த மடத்தில் படுத்தீர்கள், எந்த ஆற்றை எப்படிக் கடந்தீர்கள், யார் சாப்பாடு தந்தார்கள், எங்கே தண்ணீர் இல்லை? பிள்ளைகளின் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, ஊர்ப்பெயர்களை வரிசையாகத் தமிழில் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம், பெயர்கள் போதும். அந்தப் பட்டியல் அடுத்த தடவை சந்நிதியிலிருந்து புறப்படுகிறவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.