உபகாரச் சம்பளம் பிச்சையல்ல!

(ஒரத்தநாட்டில் பேசியதன் சுருக்கம்)



பையனுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, கொடுப்பதாகச் சொல்லும் உபகாரச் சம்பளமோ போதவில்லை, என்ன செய்வதென்று நம்மைக் கேட்கிறார்கள். சாமிக்கு முடிந்து வைத்த காசை அவிழ்த்துப் பீஸ் கட்டுங்கள் என்போம். பிறகு, இன்னும் வேண்டுமென்று கேளுங்கள்! கேட்பதில் வெட்கமென்ன?

இவ்வூர்ச் சத்திரத்தையே பாருங்கள். சரபோஜி ராஜா முக்தாம்பாள் பெயரால் வைத்தது. அதன் வருமானம் வானத்திலிருந்தா வந்தது? சேற்றில் இறங்கியவன் விளைத்த நெல்லிலிருந்து வந்தது. பிற்காலத்தில் அந்த நெல்லைத் தின்று படித்தவர்களோ பெரும்பாலும் பார்ப்பனப் பிள்ளைகள். 1920-களில் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் அவர்களே சத்திரப் பணத்தில் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க வழி செய்தார். திருவையாற்றில் சமஸ்கிருதக் கல்லூரியாயிருந்த இடத்தில் தமிழ் வித்துவான் வகுப்பும் வந்தது. கேட்காமலா வந்தது?

ஆகவே, "எஜமானே" என்று இழுக்காதீர்கள். பீஸ், விடுதி, சாப்பாடு, புத்தகம், பஸ் சார்ஜ் இவ்வளவு. நீங்கள் தருவது இவ்வளவு. குறைவது இவ்வளவு என்று ஒரே தாளில் எழுதுங்கள். வருமானச் சான்று போன வருஷத்தியது. இந்த வருஷம் சம்பா மூழ்கியிருந்தால் அதையும் காட்டுங்கள். வேறொரு காலேஜ் அதிகம் தருவதாக எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தின் நகலை வையுங்கள். இதில் பொய் மட்டும் கூடாது.

சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று பெண்களுக்கு 2022-லும் ஆண்களுக்கு 2024-லும் வந்த திட்டங்கள் தனி, அவற்றையும் விடாதீர்கள். ஒரு வருஷத்துக்கா, படிப்பு முடியுமட்டுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முடியாதென்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.