மண்ணுக்கு ஓர் உடன்படிக்கை
(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



காணி உறுதியில் ஒரு சொல் பிசகினால் மூன்று தலைமுறை வழக்காட நேரும் என்பதை அறியாதார் இம்மன்றில் இலர். நாடுகள் தமக்குள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கைகளும் அத்தகையனவே.

1968 முதல் 1973 வரை ஆபிரிக்காவின் சாகேல் நிலப்பரப்பைக் கொடும் வரட்சி வாட்டியது. 1977இல் நைரோபியில் உலக நாடுகள் கூடித் திட்டமொன்றை வகுத்தன. திட்டம் இருந்தது; கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை; போதிய பணமும் வரவில்லை. ஆகவே 1992இல் றியோ டி ஜெனீரோ மாநாட்டில், மண்ணுக்கும் ஓர் உடன்படிக்கை வேண்டுமென ஆபிரிக்க நாடுகள் உறுதியாக நின்றன. செல்வ நாடுகள் தயங்கின, ஆபிரிக்கா தளரவில்லை. 1994 யூன் 17இல் பாரிஸ் நகரில் பாலைவனமாதலை எதிர்க்கும் உடன்படிக்கை நிறைவேறியது. 1998இல் இலங்கையும் அதில் இணைந்தது.

எனினும், வறிய நாடுகள் தனி நிதியம் கேட்டன. கிடைத்ததோ, பணம் உள்ள இடத்தைத் தேடிக்காட்டும் ‘உலகப் பொறிமுறை’ மாத்திரமே. 2024 டிசம்பரில் றியாத் மாநாட்டில், வரட்சிக்கெனக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை ஆபிரிக்க நாடுகள் கோரின. உடன்பாடு காணாது அடுத்த மாநாட்டுக்கு ஒத்திவைத்துக் கலைந்தனர். உதவுவோம் என்பது வேறு. உதவக் கடமைப்பட்டுள்ளோம் என்பது வேறு. பேரம் முழுவதும் அவ்விரு சொற்களுக்கிடையிலேதான் நடைபெறுகின்றது.

ஆயின் எமக்கு இதனாற் பயன் யாது? உடன்படிக்கையின் மூன்றாம் உறுப்புரையைப் பாருங்கள். மண் பற்றிய திட்டங்களைத் தீட்டுவதிலும் நிறைவேற்றுவதிலும் அவ்விடத்து மக்கள் பங்குகொள்ள வேண்டும் என்கிறது அது. நாடாளுமன்றம் சட்டமாக்காத உடன்படிக்கையைக் காட்டி எமது நீதிமன்றில் நேரே உரிமை கோருதல் அரிது. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. எப்பாவலப் பொஸ்பேற்று அகழ்வை எதிர்த்து அவ்வூர்க் கமக்காரரும் ஒரு பிக்குவும் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் றியோப் பிரகடனத்தை எடுத்தாண்டு அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அவர்கள் சிங்களக் கமக்காரர். நீதியின் வழியோ எல்லோர்க்கும் பொது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையின் நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடலின் உவர் உள்ளே ஏறும். உரத்தின் நைத்திரேற்றும் கிணற்றில் ஊறும். இவற்றைக் கண்ணாற் காண்பவர் நீங்களே. ஆகவே ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் எந்தக் கிணறு எந்த ஆண்டு உவர்த்தது, எந்த வயல் தரிசானது என்பதை எழுதிவைக்கட்டும். அவ்வேட்டுடன் மூன்றாம் உறுப்புரையையும் இணைத்து, திட்டம் தீட்டும் மேசையில் எமக்கும் இடம் வேண்டுமென எழுத்தில் கேட்போம். சான்று இல்லாத வழக்கு நில்லாது. கேளாத உரிமை கிட்டாது.