கிழக்கு ஜன்னல்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மனநலப் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை)



நீங்கள் அன்போடு அனுப்பும் காணிக்கையால் என்னென்ன வாங்குகிறீர்கள் என்று கேட்டால் கட்டில், மருந்து, எக்ஸ்ரே கருவி என்று சொல்லுவோம். ஜன்னலை யாரும் சொல்லுவதில்லை. இன்று ஒரு ஜன்னலைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள்.

இத்தாலி தேசத்தில் மிலான் நகரிலுள்ள சான் ரஃபேலே மருத்துவமனையின் மனநலப் பிரிவில், சில அறைகளுக்குக் கிழக்கே ஜன்னல். சில அறைகளுக்கு மேற்கே. அங்கே மனச்சோர்வுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தவர்களின் பதிவேடுகளை மருத்துவர் பெனதெத்தியும் அவரோடு பணிபுரிந்தவர்களும் ஆராய்ந்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். இருமுனை மனநோயால் சோர்வுற்றிருந்த 187 பேரில், காலை வெயில் விழும் கிழக்கு அறைகளில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.67 நாட்கள் முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள். இருமுனை நோயில்லாத வெறும் மனச்சோர்வுக்காரர்கள் 415 பேரிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இந்த நோய்க்கும் ஒளிக்கும் தனியானதொரு உறவு உண்டு என்று எண்ண இடமிருக்கிறது.

இருமுனை மனநோய் என்பது என்ன? ஒரு பருவத்தில் மனிதர் படுக்கையைவிட்டு எழ முடியாமல், எதிலும் விருப்பமின்றி, சாவே மேல் என்று நினைக்கும் அளவுக்குச் சோர்ந்துபோகிறார். இன்னொரு பருவத்தில் அதே மனிதர் இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் உறங்கி, களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசி, கையிலுள்ள பணத்தையெல்லாம் செலவழிக்கிறார். இதை மன எழுச்சி என்கிறோம். இடைப்பட்ட காலத்தில் நம்மைப்போலவே வேலை செய்து, குடும்பம் நடத்துகிறார்.

இந்த ஏற்ற இறக்கம் சிலருக்குக் காலண்டரைப் பார்த்ததுபோல் வருகிறது. அமெரிக்காவில் ஒரு பொறியாளர் தம் மனநிலையைப் பல ஆண்டுகள் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். பகல் குறுகும்போது சோர்வும், பகல் நீளும்போது உற்சாகமும் வந்ததை அவரே கண்டுபிடித்து மருத்துவர்களிடம் காட்டினார். குளிர்காலத்தில் அவருக்குப் பிரகாசமான விளக்கொளியைக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே சோர்வு விலகத் தொடங்கியது. இது 1982-ல் வெளிவந்தது. 1984-ல் மருத்துவர் நார்மன் ரோசன்தால் குழுவினர் இத்தகைய 29 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருமுனை நோயாளிகளே.

ஒளி மனதை எப்படித் தொடுகிறது? நம் விழித்திரையில், பார்ப்பதற்கென்றே அமைந்த செல்கள் போக, வெளிச்சத்தின் அளவை மூளைக்கு அறிவிக்கும் வேறு செல்களும் உண்டு என்று 2002-ல் தெளிவாயிற்று. அவை மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஒரு சிறு பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. அதுவே நம் உடலின் கடிகாரம். இருட்டினால் மெலடோனின் சுரக்கிறது. ஒளி பட்டால் அடங்குகிறது. இந்த நோயுள்ளவர்களில் அநேகருக்கு அந்தக் கடிகாரம் எளிதில் நிலைகுலைகிறது.

ஆஸ்லோ நகரில் டிசம்பரில் பகல் ஏறக்குறைய 6 மணி நேரம். ஜூனில் 19 மணி நேரம். நம் சென்னையிலோ ஆண்டு முழுவதும் ஒன்றரை மணி நேரமே கூடிக் குறைகிறது. எனவே அந்நாடுகளின் குளிர்காலத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. ஆயினும் கடிகாரம் எல்லாருக்கும் ஒன்றே.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளிர்காலம் கழிந்து வெளிச்சம் வந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் குளிர்நாடுகளில் தற்கொலைகள் அதிகமாவது இருண்ட மாதங்களில் அல்ல. வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும்தான். மன எழுச்சியோடு மருத்துவமனைக்கு வருவோரும் அந்த மாதங்களிலேயே பல நாடுகளில் கூடுகிறார்கள்.

ஆகவே ஒளியையும் மருந்தைப்போல நேரமும் அளவும் அறிந்தே கொடுக்க வேண்டும். 2018-ல் மருத்துவர் டொரத்தி சிட் வெளியிட்ட ஆய்வில் இருமுனை மனச்சோர்வுள்ள 46 பேர் பங்கேற்றார்கள். வழக்கமான மருந்துகளோடு நண்பகலில் பிரகாச ஒளி பெற்றவர்களில் 68 சதவீதம் பேர் சோர்விலிருந்து மீண்டார்கள். மங்கிய ஒளி பெற்றவர்களில் 22 சதவீதம் பேரே மீண்டார்கள். நண்பகலைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு: முன்பு காலையில் ஒளி கொடுத்தபோது சிலருக்குச் சோர்வும் எழுச்சியும் ஒன்றாய்க் கலந்த நிலை ஏற்பட்டிருந்தது.

எழுச்சிக்கு இருளே உதவி. நார்வேயில் 2016-ல் வெளியான ஆய்வில், மன எழுச்சியோடு சேர்க்கப்பட்டவர்களுக்கு மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை நீல ஒளியைத் தடுக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடியை அணியக் கொடுத்தார்கள். ஏழு நாட்களில் நல்ல தணிவு கண்டது. மருந்துகளும் தொடர்ந்தன என்பதை மறவாதிருங்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன? உங்கள் வீட்டிலோ சபையிலோ இந்த நோயுள்ளவர் இருந்தால், அவருடைய உறக்கத்தைக் காத்துக்கொடுங்கள். ஓர் இரவு கண்விழிப்பே எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். டிசம்பரில் விடிய விடியக் கீதப் பவனி செல்லும்போது, "தம்பி, நீ பத்து மணிக்கு வீட்டுக்குப் போ" என்று அன்போடு அனுப்பிவையுங்கள். அதை அவர் பக்திக் குறைவென்று எண்ணாதபடி முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். படுக்குமுன் கைப்பேசி வெளிச்சம் வேண்டாம். தினமும் எத்தனை மணிக்கு உறங்கினார், எழுந்தார், மனம் எப்படியிருந்தது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்தப் பொறியாளரின் குறிப்பேடு அவருக்கு உதவியதுபோல, அந்த நோட்டு எங்களுக்கும் உதவும். உறக்கம் குறைந்தும் களைப்பில்லை என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தாமதியாமல் அழைத்து வாருங்கள். லித்தியம் முதலான மருந்துகளை யாருடைய சொல்லைக் கேட்டும் நிறுத்த வேண்டாம்.

அடுத்தமுறை வார்டைச் சுற்றிப்பார்க்க வரும்போது, கட்டில்களை எண்ணுவதோடு ஜன்னல்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்றும் பாருங்கள். இரவில் விளக்குகள் அணைகின்றனவா என்றும் எங்களைக் கேளுங்கள். அப்படிக் கேட்பதும் ஒரு காணிக்கையே.