திறந்து காக்கும் கதவு



கதவு என்றால் மூடிக் காப்பது என்றே நாம் எண்ணுகிறோம். திறந்து காக்கும் கதவு ஒன்றைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

நான் பௌதிகம் கற்பித்த நாளில், அழுத்தம் பற்றிய பாடத்துக்கு வீட்டிலிருந்து பிரஷர் குக்கரை வகுப்புக்குக் கொண்டு செல்வதுண்டு. "இவ்வளவு கெட்டியான பாத்திரத்தில், சேஃப்டி வால்வை மட்டும் ஏன் ஐயா எளிதில் உருகும்படி செய்திருக்கிறார்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "பாத்திரம் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான்" என்றேன். அம்மாணவர் இன்று விமான எஞ்சின் உறைகளை வடிவமைக்கும் பொறியாளர். சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார்; அன்று நான் மாணவனாக அமர்ந்து கேட்டேன்.

எஞ்சினிலிருந்து சூடான அழுத்தக் காற்றைக் குழாய்களின் வழியே எடுத்து, பயணிகள் அறைக்கும், இறக்கையில் பனி உறையாமல் தடுப்பதற்கும் பயன்படுத்துகிறார்கள். அக்குழாய் வெடித்தால், எஞ்சினைச் சூழ்ந்த மெல்லிய உறைக்குள் இமைப்பொழுதில் அழுத்தம் பெருகும். உறை பிய்ந்து பறந்து இறக்கையையோ வாலையோ தாக்கக்கூடும். ஆகவே உறையிலேயே ஒரு சிறு கதவை அமைக்கிறார்கள். அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் அதன் தாழ் தானே விடுபடும், காற்று வெளியேறும்.

"வாசல் பெரிதாக இருந்தால் போதாதா?" என்றேன். "போதாது ஐயா. வெளியே பெருவேகத்தில் ஓடும் காற்று, உள்ளிருந்து வருவதன் வழியை மாற்றிவிடும். கதவு திறந்து நிற்கும் கோணத்துக்கேற்ப வெளியேறும் அளவும் மாறும். சூடான காற்று மடங்கி, பின்புற உறையின் மேல் தவழ்ந்து அதையே சுடவும் கூடும்" என்றார். இவற்றை முன்னரே அறியத்தான் கணிப்பொறியில் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். காற்றுவெளியை இலட்சக்கணக்கான நுண்ணறைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் அழுத்தம், வேகம், வெப்பம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறார்கள். பின்பு, விசையுடன் காற்றைச் செலுத்தும் சோதனைக் கூண்டில் மாதிரியை வைத்து அக்கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

இத்தனை கவலை எதற்கு? அழுத்தத்துக்கு வழிவிடாமையின் விலையை உலகம் கண்டிருக்கிறது. அது எஞ்சினில் அன்று, விமானத்தின் உடலில் நேர்ந்தது. 1974 மார்ச் 3ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அருகே, டிசி-10 விமானம் ஒன்றின் சரக்கறைக் கதவு நடுவானில் பிய்ந்து போயிற்று. கீழறையில் அழுத்தம் சட்டென வீழ்ந்தது. மேலறைக் காற்று இறங்கப் போதிய வழியில்லை. இடைத்தளம் சரிந்து, அதனூடே சென்ற கட்டுப்பாட்டுக் கம்பிகள் செயலிழந்தன. 346 பேர் மாண்டனர். 1972 ஜூனில், அதே வகை விமானம் ஒன்று அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து கிளம்பி, அவ்வாறே கதவை இழந்தும் தப்பித் தரையிறங்கியிருந்தது. எச்சரிக்கை கிடைத்தது, பாடம் முழுமையாகப் படிக்கப்படவில்லை.

விடைபெறும்போது அப்பொறியாளர் சொன்னார்: "நாங்கள் செய்யும் கதவு ஒருமுறைகூடத் திறக்காமலே அதன் ஆயுள் முடியலாம் ஐயா. ஆனால் திறக்கவேண்டிய அந்த ஒரு நொடியில் அது தவறக் கூடாது."

ஒரு நொடிக்காக ஆண்டுக்கணக்கில் கணக்குப் போடுகிறவர்களை, அடுத்தமுறை விமானத்தில் ஏறும்போது நீங்களும் நினைத்துக்கொள்ளுங்கள்.